ரப்பர் டீச்சரின் நாற்காலி வகுப்பு

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் உடம்பைப் பின்பக்கமாக வளைத்து, தரையில் கிடந்த கைக்குட்டையைப் பல்லால் கவ்வி எடுத்த நாளிலிருந்து அவருக்கு ரப்பர் என்று பேர். யோகா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் அதோடு டீச்சர் ஒட்டிக்கொண்டது. டைல்ஸ் கடைக்கு மேலே ஒரு நீளமான ஹாலில் பதினோரு வருஷம் வகுப்பு நடத்தினார். மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்தில் அவருடைய படம்தான் விளம்பரப் பலகை. ஒரு கால் கழுத்துக்குப் பின்னால் இருக்கும். முகம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் முகம் மாதிரி சாதாரணமாக இருக்கும்.

காலை ஆறு மணிக்கு நாற்பது பேர் வருவார்கள். முதுகு வலி, முட்டி வலி என்று யாராவது ஆரம்பித்தால் டீச்சரிடம் ஒரே பதில்தான் உண்டு. "வலி உடம்புல இல்ல, மனசுல." இதைப் பதினோரு வருஷம் சொன்னார். யாரும் மறுத்துப் பேசியதில்லை. கழுத்தைச் சுற்றிக் கால் போட்டுக்கொண்டு பேசுகிறவரிடம் என்ன வாதாடுவது?

இதையெல்லாம் பிற்பாடு டீச்சரே எங்களுக்குச் சொன்னதுதான். பெரும்பாலும் நாங்கள் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எப்போது இறக்கச் சொல்வார் என்று காத்திருக்கும் நேரத்தில் சொல்வார். நான் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிறவள். விரல்தான் என் பிழைப்பு. டீச்சருக்கு வந்த நோய்தான் எனக்கும் வந்தது. அப்படித்தான் பழக்கம்.

டீச்சருக்கு அது நாற்பத்தோராவது வயதில் வந்தது. ஒரு நாள் காலையில் பற்பசையை அழுத்தினார், வரவில்லை. தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்றைப் பிரித்தார். அதுவும் வரவில்லை. அப்புறம்தான் பழுது பற்பசையில் இல்லை, விரலில் என்று தெரிந்தது. பத்து விரலும் பாதி மூடி நின்றுவிட்டன. ஒன்பது மணிக்குமேல் கொஞ்சம் இளகின. குளிர் என்று நினைத்தார். ஒரு மாதம் கழித்து மணிக்கட்டு வீங்கியது. பிறகு, காலைத் தரையில் வைத்தால் கூழாங்கல் மேல் நிற்பது போல் இருந்தது.

அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இன்னும் கொஞ்சம் யோகா. செய்தார். வீக்கமும் இன்னும் கொஞ்சம் ஆனது. தலைகீழாக நின்றாலும் கை மூடவில்லை. நின்றும் பார்த்தார்.

வகுப்பில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை, மூச்சு விடக் கற்றுக்கொடுப்பதே தொழிலாக இருந்தும். ஒரு திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் நின்று, "இனிமே நான் செஞ்சு காட்ட மாட்டேன். பார்த்துச் செய்யறது சுலபம். காதால கேட்டு உடம்பால புரிஞ்சுக்கணும். அதுதான் அடுத்த நிலை" என்றார். நாற்பது பேரும் அசந்துபோனார்கள். அடுத்த நிலை என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அந்த மாதம் ஆறு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

வீட்டில்தான் முதலில் மாட்டிக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் டீச்சர் சமையலறையிலிருந்து கூப்பிட்டார்.

"ஏங்க, இந்தக் குழாயைக் கொஞ்சம் திறந்து விடுங்களேன்."

அவர் வந்து இரண்டு விரலால் திறந்தார். தண்ணீர் கொட்டியது.

"குழாய் இறுக்கமா இல்லையே."

"குழாய் இறுக்கம்னு யார் சொன்னா?"

அவர் குழாயை மூடினார். மறுபடி திறந்தார். பிறகு மனைவியின் கையை எடுத்து, மோட்டாரைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லிப்ட்ல ஒரு சின்னச் சத்தம் வந்தாக்கூட நாங்க முதல்ல நிறுத்திடுவோம். அப்புறம்தான் என்னன்னு பார்ப்போம்."

"நான் என்ன லிப்ட்டா?"

"லிப்ட்டா இருந்தா இந்நேரம் போர்டு மாட்டிப் பூட்டியிருப்பேன்."

டீச்சர் கேட்கவில்லை. ஏழு மாதம் இப்படியே ஓட்டினார். எட்டாவது மாதம், ஒரு புதன்கிழமை, கால் தாங்காமல் வகுப்போடு வகுப்பாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக எல்லோரையும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடச் சொன்னார். அது பத்து நிமிஷம். பத்து நிமிஷம் முடிந்தது. டீச்சரால் எழுந்திருக்க முடியவில்லை. "இன்னும் ஆழமாகப் போங்கள்" என்றார். அரை மணி ஆனது. "இன்னும் ஆழமாக" என்றார். நாலைந்து பேர் குறட்டை விட ஆரம்பித்தார்கள். பேங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் கண்ணைத் திறக்காமலே, "டீச்சர், எட்டரைக்கு நான் கவுண்டர்ல இருக்கணும்" என்றார்.

டீச்சர் ஹாலின் கூரையைப் பார்த்தார். வேறு வழி ஒன்றும் அங்கே எழுதியிருக்கவில்லை.

"எல்லாரும் கண்ணைத் திறங்க. என்னால எந்திரிக்க முடியல. ரெண்டு பேர் வந்து தூக்கி விடுங்க."

வந்த இரண்டு பேரும் நல்லவர்கள். ஆளுக்கொரு பக்கமாக மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார்கள். டீச்சர் போட்ட சத்தத்தில் கீழே டைல்ஸ் கடைக்காரர் எதுவோ உடைந்துவிட்டது என்று மேலே ஓடி வந்தார்.

வலி மனசில் இருக்கிறது என்று அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை. இரண்டு வாரத்தில் வகுப்பு காலி. ஆளாளுக்கு ஒரு எண்ணெய் பேரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். விளம்பரப் பலகையை வீட்டுக்காரர்தான் கழற்றினார். "ஆணி நல்லா இருக்கு" என்று அதை மட்டும் தனியாகப் பையில் போட்டுக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியின் மூட்டுப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. நிமிர்ந்து பார்க்காமலே பேசுவார். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவர் நிமிர்ந்துகொண்டிருந்தால் கழுத்து போய்விடும். டீச்சரின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்துவிட்டு முடக்குவாதம் என்றார். உடம்பைக் காவல் காக்க வேண்டிய சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த மூட்டுகளையே அடிக்கிற நோய்.

டீச்சர், "டாக்டர், நான் யோகா டீச்சர்" என்றார், தப்பு ஆளுக்கு வந்துவிட்டது என்கிற தொனியில்.

"போன வாரம் ஒரு டாக்டருக்கே வந்துச்சு. வாரம் ஒரு நாள் இந்த மாத்திரை. மாசம் ஒரு தடவை ரத்தம் பார்க்கணும். ரெண்டு மாசம் ஆகும் வேலை செய்ய. நடுவுல நிறுத்தக் கூடாது. அடுத்தது யாரு?"

டீச்சர் மாத்திரை போட்டார். தோற்றுப்போனவர் கையெழுத்துப் போடுகிற மாதிரி போட்டார் என்று அவரே சொல்வார். மூன்றாவது மாதம் டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடிந்தது. அன்றைக்கு வீட்டில் யாரும் கேட்காமலே நாலு தடவை தண்ணீர் குடித்தார்.

நான் அவரைப் பார்த்தது அந்த மாதம்தான். மூட்டுப் பிரிவின் வராந்தாவில் நீள பெஞ்சுகள் உண்டு. டோக்கன் வாங்கிக்கொண்டு எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு, ஒரு மணி ஆகும். எங்களுக்கு உட்காருவது கஷ்டமில்லை, உட்கார்ந்த இடத்திலேயே மூட்டு பூட்டிக்கொண்டுவிடும். எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்திருப்பதற்குள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். எனக்கும் டீச்சருக்கும் நடுவில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, வாய் கொஞ்சம் நீளம். பெஞ்சில் உள்ளங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்து "அம்மா" என்று உட்கார்ந்தார். மறுபடி ஊன்றினார். மறுபடி "அம்மா".

டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, மணிக்கட்டை விடுங்க, அது பாவம். பெஞ்ச் ஓரத்துக்கு நகர்ந்து வாங்க. பாதத்தை உள்ள இழுங்க. கையைத் தொடை மேல வைங்க. மூக்கு முட்டிக்கு நேரா வர்ற மாதிரி குனிங்க. ஆங். இப்ப மூச்சை விட்டுக்கிட்டே எந்திரிங்க."

தையல்காரம்மா எழுந்து நின்றார். நின்றதும் சுற்றிலும் பார்த்தார், யார் தூக்கிவிட்டது என்று. யாருமில்லை. உட்கார்ந்து மறுபடி எழுந்தார்.

"அடியாத்தீ! ரெண்டு வருஷமா என் மருமகதான் இழுத்து விடுவா."

நானும் செய்து பார்த்தேன். எனக்கும் வந்தது. எனக்கு அடுத்தவருக்குச் சொன்னேன். நர்ஸ் உள்ளேயிருந்து எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், யார் காதிலும் விழவில்லை. ஐந்து நிமிஷம் நோயாளியே வராததால் டாக்டரம்மாவே வெளியே வந்துவிட்டார். பதினெட்டு பெண்கள் வரிசையாக எழுந்துகொண்டும் உட்கார்ந்துகொண்டும் இருந்தோம்.

"என்ன நடக்குது இங்க?"

"எந்திரிக்கறோம் டாக்டர்" என்றார் தையல்காரம்மா.

டாக்டரம்மா முதல் தடவையாக டீச்சரை நிமிர்ந்து பார்த்தார். "இதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கு. யோகா சிகிச்சை. பத்து மாசம். படிச்சிட்டு வாங்க, ரூம் தர்றேன். அதுவரைக்கும் எந்திரிச்சு எந்திரிச்சு உட்காருங்க. அதுல யாருக்கும் கெடுதல் இல்ல."

பதினோரு வருஷம் சொல்லிக்கொடுத்தவர் மறுபடி மாணவியாகப் போய் உட்கார்ந்தார். அங்கே முதல் பாடமே, நோயாளியால் எது முடியாது என்று கேட்டு எழுதுவது. டீச்சர் முதல் நோயாளியாகத் தன்னையே எழுதினார். இரண்டு பக்கம் வந்தது.

சான்றிதழோடு திரும்பி வந்தவருக்கு டாக்டரம்மா சொன்னபடி ரூம் கொடுத்தார். மூன்றாவது மாடியில். நடக்கச் சிரமப்படும் பெண்களுக்கான வகுப்பு மூன்றாவது மாடியில் இருப்பதில் ஆஸ்பத்திரிக்கு ஒரு சங்கடமும் தெரியவில்லை, லிப்ட் இருக்கிறதே என்றார்கள். லிப்ட்டில் 'பழுது' என்று போர்டு இருந்தது. டீச்சரின் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். கால் மணி நேர வேலைதான், ஆனால் வேறு கம்பெனி லிப்ட், தொடக்கூடாது என்றார். அடுத்த வீட்டுப் பிள்ளை அழுவதைப் பார்ப்பவர் போல அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

கடைசியில் தரைத்தளத்தில், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை கிடைத்தது. பெரும்பாலும் கை உடைந்த நாற்காலிகள். டீச்சருக்கு வேண்டியதும் கையில்லாத நாற்காலிதான். ஒரு பக்கம் மட்டும் உடைந்திருந்தவற்றில் மறுபக்கத்தையும் அவர் வீட்டுக்காரர் வந்து அறுத்துக் கொடுத்தார். அதற்கு எந்தக் கம்பெனியும் குறுக்கே வரவில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் வகுப்பு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளைச் சுற்றுவோம், கணுக்காலைச் சுற்றுவோம், விரலை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலிடம் கொண்டுபோவோம். வீங்கியிருக்கிற மூட்டுக்கு அன்றைக்கு லீவு. கடைசியில் மூச்சு. பார்க்கிறவர்களுக்கு, எதற்கோ காத்திருப்பவர்கள் நெளிவது போல் இருக்கும். யாருக்கும் நோய் போகவில்லை. ஆனால் எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது. ஒருவர் தன் தலையைத் தானே வாரிக்கொண்டு வந்தார். வகிடு காதுக்குப் பக்கத்தில் இருந்தது. யாரும் சொல்லவில்லை.

வகுப்பு ஆரம்பிக்கும் முன் புலம்பல் நேரம் பன்னிரண்டு நிமிஷம். டீச்சர் கடிகாரம் பார்த்து நடத்துவார். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய் என்று வீட்டில் சொல்கிறார்கள், சோம்பேறி என்கிறார்கள், இதெல்லாம் அதில் வரும். யாரும் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது என்பது சட்டம். பன்னிரண்டாவது நிமிஷம் யார் எந்த வாக்கியத்தில் இருந்தாலும், "மிச்சம் அடுத்த வாரம். நிமிர்ந்து உட்காருங்க" என்பார்.

தையல்காரம்மாதான் வகுப்பிலேயே கெட்டிக்காரர். எட்டு மாதத்தில் கையைப் பின்னால் கொண்டுபோய் ரவிக்கைக் கொக்கியைத் தானே மாட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார். அதை எங்களுக்கு இரண்டு தடவை செய்து காட்டினார். அதற்குப் பிறகு ஒரு செவ்வாய் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. டீச்சரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம்.

முன் அறையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். மெஷின் மேல் துணி மூடியிருந்தது. தையல்காரம்மாவின் முட்டி இரண்டும் உருண்டு பளபளவென்று இருந்தன. மருமகள் ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"என்ன அக்கா ஆச்சு?"

"மாத்திரையை நிறுத்திட்டேன். மூணு மாசம் ஆச்சு."

"ஏன்?"

"போட்டா மறுநாள் பூரா குமட்டுது. முடி கொட்டுது. உடம்புதான் நல்லாயிருச்சே, யோகா போதும்னு விட்டேன். நீங்கதான சொன்னீங்க?"

"நான் எப்ப சொன்னேன்?"

"வாராவாரம் சொல்றீங்க. கண்ணை மூடச் சொல்லிட்டு, உங்க உடம்பு தன்னைத் தானே சரி பண்ணிக்கிதுன்னு."

உண்மைதான், டீச்சர் சொல்வார். டைல்ஸ் கடை மாடியிலிருந்து கூடவே வந்துவிட்ட வாக்கியம் அது. எங்கள் காதிலும் வாராவாரம் விழுந்ததுதான். நான் அதைக் காற்றாடிச் சத்தம் மாதிரி நினைத்திருந்தேன். இந்த அம்மா அதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறார். வேறு மூன்று பேரிடமும் சொல்லியிருந்தார். அவர்களில் இரண்டு பேர் நிறுத்தியும் விட்டார்கள்.

திரும்பி வரும் வழியில் டீச்சர் நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தார். கடைசி நோயாளி போகும்வரை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். உட்காரவே இல்லை. பிறகு உள்ளே போனார். கதவு திறந்துதான் இருந்தது.

"டாக்டர், மூணு பேர் மாத்திரையை நிறுத்திட்டாங்க. என்னாலதான். நான் வகுப்பை விட்டுடறேன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை எழுதி முடித்தார்.

"நிறுத்திட்டு வீட்டுல உட்கார்ந்தா, நிறுத்தினவங்க மாத்திரை போட்டுருவாங்களா?"

"இல்ல."

"எட்டு வருஷமா நான் நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்கன்னு கத்தறேன். ஒருத்தரும் கேக்கல. நீங்க நிறுத்துங்கன்னு சொல்லக்கூட இல்ல, அப்படி ஒரு வாசனை வந்துச்சு, அவ்வளவுதான். மூணு பேர் கேட்டுட்டாங்க. அதனால இனிமே என் வசனத்தை நீங்க சொல்லுங்க." பிறகு பேனாவை மூடினார். "குமட்டலுக்கு வழி இருக்கு. எங்கிட்ட ஏன் கேக்கல அந்தம்மா?"

"நீங்க நிமிர்ந்து பார்க்கறதில்ல டாக்டர்."

இதைச் சொல்லிவிட்டு டீச்சர் பயந்துபோனார். டாக்டரம்மா அதையும் நோயாளி சொல்லும் ஒரு அறிகுறியைப் போலக் கேட்டுக்கொண்டார். "ரெண்டு நிமிஷம்தான் இருக்கு ஒருத்தருக்கு. கேள்வியை எழுதிக் கொடுத்து அனுப்புங்க. சீட்டைப் பார்ப்பேன்."

அடுத்த செவ்வாய் புலம்பல் நேரத்தை டீச்சரே எடுத்துக்கொண்டார். "உடம்பு தன்னைத் தானே சரி பண்ணிக்கும்னு சொன்னது தப்பு. நம்ம உடம்பு தன்னைத் தானே அடிச்சுக்குது. அதுக்குத்தான் மாத்திரை. இங்க செய்யறது, அந்த உடம்போட குடித்தனம் பண்றதுக்கு." பையிலிருந்து தன்னுடைய மாத்திரை அட்டையை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். ரெண்டு வருஷமாகப் போடுகிறேன் என்றார். நாங்கள் யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. ரப்பர் டீச்சர் இன்னும் மாத்திரை போடுவார் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அன்றிலிருந்து வருகைப் பதிவில் இரண்டு கட்டம். வந்தாச்சா, போட்டாச்சா. போடாதவரை டீச்சர் திட்ட மாட்டார். ஏன் என்று கேட்டுச் சீட்டில் எழுதி டாக்டரம்மாவிடம் அனுப்புவார். என் சீட்டு ஒன்றை டாக்டரம்மா படித்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கே" என்றார். அது போன வருஷம்.

தையல்காரம்மா ஐந்து மாதம் கழித்து வந்தார், கையில் ஒரு ஊன்றுகோலோடு. வலது கையில் இரண்டு விரல் கோணியது கோணியதுதான். பொத்தானுக்குக் காஜா எடுக்க முடியாது. அதை மருமகளுக்குக் கொடுத்துவிட்டு, மெஷின் மட்டும் ஓட்டுகிறார். வந்தவர் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"நான் உங்க மேல கோவமாத்தான் இருக்கேன் டீச்சர்."

"சரிக்கா. கோவமா இருந்துக்கிட்டே தோளைச் சுத்துங்க."

சுற்றினார். கோபம் ஒரு ஏழெட்டு வாரம் இருந்தது. புலம்பல் நேரத்தில் டீச்சரைப் பற்றித்தான் புலம்புவார். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பார். ஒரு வாரம் அவர் முறை வந்தபோது, மருமகள் காஜா எடுக்கும் லட்சணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கோபம் வேறு இடத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்துகொண்டோம்.

போன மழைக்காலத்தில் டீச்சருக்கு வலது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மாத்திரைக்கு முந்தைய அந்த ஏழு மாதம் செய்த சேதம் அது. மணிக்கட்டு இனி மடங்காது, வலிக்கவும் வலிக்காது. ஆறு வாரம் வர முடியாது. டாக்டரம்மா ஒரு தாளில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுதிக் கொடுத்து, யாராவது வாசித்து நடத்துங்கள் என்றார். தையல்காரம்மா தாளை வாங்கிக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அவர் நடத்திய ஆறு வாரமும் ஒருவரும் லீவு போடவில்லை. போட்டால் வீட்டுக்கே வந்துவிடுவார் என்ற பயம். "மூச்சை இழு" என்பதை, பஸ்ஸிலிருந்து இறங்கச் சொல்கிற மாதிரி சொல்வார். ஏழாவது வாரம் டீச்சர் கையில் கட்டோடு வந்து, பின்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னும் ஒரு வாரம் நீங்களே நடத்துங்கள் என்றார்.

தையல்காரம்மா பதிவேட்டைத் திறந்தார்.

"வந்தாச்சு, தெரியுது. மாத்திரை போட்டாச்சா டீச்சர்?"

"ஆபரேஷனுக்காக டாக்டர் ரெண்டு வாரம் நிறுத்தச் சொன்னாங்க. நாலு வாரமா மறுபடி போடறேன்."

"சீட்டு இருக்கா?"

டீச்சர் இடது கையால் பையைத் துழாவி, சீட்டை எடுத்துக் காட்டினார்.